அண்ணாச்சி பதில்கள்: ஊர்க்கலையும் ஊர்ப்பேச்சும்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, நம்ம பக்கத்துக் கலைகளைப் பற்றி வெளியூர்க்காரர் வந்து எழுதும்வரை காத்துக்கிடக்க வேண்டாம், பார்த்தவர்களே எழுதுவோம் என்று சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு மேஜை நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. நான் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு இதைவிட இஷ்டமான பேச்சு வேறு கிடையாது. அதனால் இந்த இதழ்ப் பதில்கள் முழுக்க இதற்கே. சிலர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். சரி, எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டுவிடுவோம்.

அண்ணாச்சி, நான் கல்லூரியில் இரண்டாம் வருசம் படிக்கிறேன். எங்கள் ஊர் சுடலைமாடசாமி கோயில் கொடைத் திருவிழாவில் வருசா வருசம் வில்லுப்பாட்டும், மகுடம் அடித்து ஆடிப்பாடுகிற கணியான் கூத்தும் நடக்கும். எழுதலாம் என்று உட்கார்ந்தால் 'தொன்மையான கலை, அழிந்துவரும் கலை' என்பதைத் தாண்டி ஒரு வரி வரமாட்டேன் என்கிறது. என்னத்தை எழுத? எழுதினாலும் யார் படிப்பார்கள்?
(மாணவி, சேரன்மகாதேவி பக்கம்)

மகளே, 'அழிந்துவரும்' என்பதை முதலில் அடித்துவிடு. வருசா வருசம் நடக்கிறது என்று நீயே சொல்கிறாய். நடந்துகொண்டிருக்கிற ஒன்றுக்கு எதற்கு இரங்கல்?

உங்க ஊர் கொடை நோட்டீஸ் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொள். குடியழைப்பு எத்தனை மணிக்கு, உச்சிக்கொடை எத்தனை மணிக்கு, சாமக்கொடை எத்தனை மணிக்கு என்று இருக்கும். பந்தல் உபயம், ஒலி ஒளி உபயம், அன்னதானம், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பியவர்கள், எல்லார் பெயரும் இனிஷியலோடு இருக்கும். இருக்கட்டும், அவர்கள் கொடுத்த பணத்தில்தானே கொடை நடக்கிறது. வில்லுப்பாட்டுக்கு வரும்போது மட்டும் 'இன்ன ஊர் இன்னார் குழுவினர்' என்று ஒற்றை வரி. விடியவிடிய உட்கார்ந்து பாடினவர்களில் ஒருத்தர் பெயர்தான் தாளில் ஏறியிருக்கிறது. வலத்தே பாடினவர் புலவர், சரி. இடத்தே உட்கார்ந்து அடி எடுத்துக் கொடுத்தவர் யார்? உடுக்கு யார், குடம் யார், ஜால்ராவும் கட்டையும் யார் கையில்? நீ எழுத வேண்டியது அங்கேதான் தொடங்குகிறது.

குடம் அடிக்கிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாயா? இல்லையென்றால் இந்தக் கொடையில் உட்கார். வில்லைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். ஒரு கையில் பத்தி என்கிற தட்டு மட்டை. அதைக் குடத்தின் வாயில் அடிக்கும்போது உள்ளே அடைபட்ட காற்று 'கும்' என்று எழும். மறு கையில் ஒரு நாணயம் இருக்கும். அது குடத்தின் வயிற்றில் தாளத்தை விடாமல் தட்டிக்கொண்டே வரும். இரண்டு கையும் இரண்டு வேலை பார்க்க, கண் மட்டும் புலவர் வில் நாணில் அடிக்கிற வீசுகோலை விட்டு நகராது. கதையில் சாவு வருகிற இடத்தில் பத்தியை மெதுவாக வைத்து ஓசையை அடக்குவார், பாட்டு மேலே வரட்டும் என்று. சாமி ஆட்டத்துக்குப் பக்கத்தில் வரும்போது அதே குடம் பந்தலையே அதிர வைக்கும். இதையெல்லாம் எத்தனை தரம் கேட்டிருப்போம்! அடித்தவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

கணியான் கூத்தும் அப்படித்தான். ஆட்டம் தொடங்கும் முன்னால் மகுடம் என்கிற தோல் வாத்தியத்தைத் தீயில் காட்டிக் காய்ச்சுவார்கள். தோல் முறுகினால்தான் ஓசை சுள்ளென்று எழும். பனி இறங்கும் ராத்திரியில் நடுவிலே எழுந்துபோய் இன்னொரு தரம் காய்ச்ச வேண்டியிருக்கும். எதை எரித்தார்கள், விரலால் தட்டிப் பார்த்து எப்போது போதும் என்று முடிவு செய்தார்கள், அதை மகுடக்காரரிடமே கேள். ஆசையோடு கேட்டால் ஆசையோடு சொல்வார்கள்.

இப்படித் தொடங்கிப் பாரேன்: 'சாமக்கொடைக்கு முன்னால் வில்லு தொடங்கும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. புலவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. காப்புப் பாட்டில் இடத்தே பாடியவர்தான் தாங்கிப் பிடித்தார். சுடலை மயானத்துக்குப் போகிற இடத்தில் மைக் கரகரத்தது. மைக்கை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாடினார்கள். பின்னால் இருந்த பெண்கள் எழுந்து முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.' இதில் கலை வாழ்க என்று எங்கேயும் இல்லை. ஆனால் படிக்கிறவன் அடுத்த கொடைக்குப் போவான்.

நாட்டுப்பாடல்களையும் கதைப்பாடல்களையும் தொகுத்த நாங்குநேரிக்காரர் நா. வானமாமலை (1917–1980) பற்றி உன் கல்லூரியில் சொல்லியிருப்பார்களோ என்னவோ. பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைத்தவர். 1967-ல் நெல்லை ஆய்வுக் குழு என்று ஒன்றைத் தொடங்கினார். மாதா மாதம் கூடுவார்கள், ஒருத்தர் கட்டுரை படிப்பார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். 1969-ல் 'ஆராய்ச்சி' என்ற பத்திரிகையையும் கொண்டுவந்தார். சொரிமுத்து அய்யனார் கோயிலில் சாமியாக நிற்கிற, வில்லுப்பாட்டில் பாடப்படுகிற நம்ம முத்துப்பட்டனின் கதையைப் பதிப்பித்தவரும் அவர்தான். அவர் தொகுத்த நாட்டுப்பாடல் தொகுப்பை நூலகத்தில் எடுத்துப் பார். பாட்டுக்குக் கீழே வட்டார வழக்குச் சொல்லுக்கு விளக்கம் இருக்கும். அதற்கும் கீழே உதவியவர், சேகரித்தவர், இடம் என்று இருக்கும். பாடிக் காட்டியவர் பெயருக்கும் எழுதி எடுத்தவர் பெயருக்கும் ஒரே அளவு எழுத்து. எங்கேயோ ஒரு கிராமத்தில் களையெடுத்துக்கொண்டே பாடிய ஒரு பெண்ணின் பெயர் இன்றைக்கும் அந்தத் தாளில் இருக்கிறது. உன் கட்டுரைக்குக் கீழேயும் அந்த மூன்றையும் போடு. வேறு எதை விட்டாலும் அதை விடாதே.

பிற்பாடு பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே, அதாவது ஊர்மக்களின் பாட்டு, கதை, வழக்கங்களைப் படிப்பதற்கென்றே, ஒரு துறை வந்தது. கொடையை ஏதோ காட்டான் சமாச்சாரம் என்று படித்தவர்கள் ஒதுக்கிய ஊரில், கொடையைப் பாடமாகப் படிக்கப் பிள்ளைகள் வந்தார்கள். ஊர்க்காரர்கள் சிலர் உட்கார்ந்து எழுதியதும், எழுதியதை வைத்து மாதம் தவறாமல் பேசியதும் அதற்கு வழி போட்டன.

யார் படிப்பார்கள் என்றாய். முதலில் அந்தக் குடக்காரரின் மகன் படிப்பான். அப்புறம் பக்கத்து ஊரில் கொடைக்கு வரி பிரிக்கிறவர்கள் படிப்பார்கள், அடுத்த கொடைக்கு எந்தக் குழுவைக் கூப்பிடலாம் என்று. அவர்கள் இரண்டு பேருக்காகவும் எழுது, போதும்.

எங்கள் அப்பா வில்லுப்பாட்டுப் புலவர். கொடைக்குக் கொடை யாராவது போனில் படம் பிடித்துத் துண்டு துண்டாகப் போடுகிறார்கள். அப்பா பெயரும் இருக்காது, ஊரும் இருக்காது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு எங்கோ விசாரித்து அப்பாவைக் கூப்பிட்ட ஊர்களும் உண்டு. இது நல்லதா கெட்டதா என்று எங்களுக்கே தெரியவில்லை.
(வள்ளியூர் பக்கம்)

தம்பி, படம் பிடிக்கிறது தப்பில்லை. பெயரில்லாமல் போடுவது தப்பு. விசாரித்துக் கண்டுபிடித்துக் கூப்பிட்டவர்கள் உங்கள் அதிர்ஷ்டம். விசாரிக்க முடியாமல் விட்டவர்கள் எத்தனை பேரோ! அதனால் குழுவின் பெயர், ஊர், போன் நம்பர் மூன்றையும் ஒரு துணியில் பெரிதாக எழுதி, வில்லுக்குப் பின்னால் படத்தில் விழுகிற இடமாகப் பார்த்துக் கட்டிவிடுங்கள். யார் எடுத்தாலும் பெயர் சேர்ந்தே போகும். பிளெக்ஸ் வேண்டாம், வெளிச்சம் பட்டால் பளபளத்து எழுத்து தெரியாது. நல்ல போர்டு ஆர்ட்டிஸ்ட் கையால் துணியில் எழுதி வாங்குங்கள்.

எல்லாவற்றையும் எடுக்க விடவும் கூடாது. சாமி ஆடுகிற நேரம் இருக்கிறதே, அது கோயிலுக்கும் ஆடுகிறவருக்கும் உள்ளது. ஆடுகிறவர் தன் நிலையில் இல்லாதபோது அவர் முகத்துக்கு நேரே போனை நீட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. நிர்வாகக் கமிட்டியிடம் முன்கூட்டியே பேசி, சாமியை வரவழைக்கிற வரத்துப் பாட்டுத் தொடங்கினால் போனை உள்ளே வைக்கச் சொல்லி மைக்கிலேயே அறிவிக்கச் சொல்லுங்கள். கணியான் கூத்தில் கையைக் கீறிச் சாமிக்கு ரத்தம் கொடுக்கிற கைவெட்டுச் சடங்குக்கும் இதே கணக்குத்தான்.

துண்டு துண்டாகப் போவதால் இன்னொரு நஷ்டமும் உண்டு. ஜனங்களுக்கு வேகமான இடம் மட்டும் கண்ணில் படுகிறது. அப்புறம் கொடைக்கு வந்து உட்கார்ந்தாலும், "எப்போ அந்த இடம் வரும்" என்று காத்திருப்பார்கள். கதையைப் பொறுமையாகக் கட்டிக்கொண்டு போகிற புலவருக்கு அது பெரிய தொந்தரவு. அப்பாவின் கதை ஒன்றையாவது, காப்பிலிருந்து வாழி வரை ஒரே மூச்சாக நீங்களே நன்றாகப் பதிவு செய்து வையுங்கள். கூடவே வீட்டில் இருக்கிற கதை நோட்டுகளையும் போட்டோ எடுத்து வையுங்கள். தாத்தா கையெழுத்தில் நோட்டு இருக்கிற வீடுகள் உங்கள் பக்கத்தில் உண்டு. நோட்டை யாருக்கும் கைமாற்றாகக் கொடுக்காதீர்கள். படிக்க வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்து படிக்கட்டும்.

ஒரு காரியம் மறந்துவிடக் கூடாது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் குழுவில் உள்ள எல்லாருமே பதிந்திருக்கிறார்களா என்று பாருங்கள், புலவர் மட்டும் பதிந்தால் போதாது. கலை வளர்மணி, கலை நன்மணி மாதிரி மாவட்ட விருதுகளுக்கு விண்ணப்பிக்கும்போது, இன்ன தேதியில் இன்ன ஊரில் பாடினார் என்று அச்சில் வந்த எழுத்து கையில் இருந்தால் ரொம்பத் துணை. அப்பாவைப் பற்றி யாராவது எழுதினால் வெட்டி ஒரு பைலில் போட்டுக்கொண்டே வாருங்கள். குடக்காரருக்கும் தனியாக ஒரு பைல்.

நான் ஓவியம் படித்துவிட்டு ஊரிலேயே இருக்கிறேன். நெல்லையில் படம் வரைகிறவர்கள் நிறையப் பேர், ஆனால் படத்தைப் பற்றிப் பேச ஆளில்லை. கண்காட்சி வைத்தால் "சூப்பர்" என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். பேச்சு வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் போகணுமா?
(பாளையங்கோட்டை)

இந்தக் கடிதத்தை இரண்டு மூன்று தரம் படித்தேன். போக வேண்டாம் தம்பி.

நம்ம வண்ணாரப்பேட்டையில் ஒரு வீடு இருந்தது. கம்பனை ரசித்துப் பேசிய ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார், டி.கே.சி., வீடு. அங்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் நண்பர்கள் கூடுவார்கள். வட்டத்தொட்டி என்று பெயர். கம்பன் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, எந்த இடத்தில் குரல் நிற்க வேண்டும், எந்தச் சொல்லில் உணர்ச்சி இருக்கிறது என்று பேசுவார்கள். அவசரம் கிடையாது. இன்றைக்குப் பத்துப் பாட்டு முடிக்கணும் என்ற கணக்கும் கிடையாது. சங்கம், தலைவர், செயலாளர் எதுவும் இல்லாமல் ஒரு வீட்டுக்குள் நடந்த பேச்சுதான். அங்கே போய் உட்கார்ந்தவர்களில் ஒருத்தர் தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், திருநெல்வேலிக்காரர். பிற்பாடு தஞ்சாவூரில் அரசு அதிகாரியாக இருந்தபோது, கேட்பாரற்றுக் கிடந்த சிலைகளையெல்லாம் சேர்த்து 1951-ல் அரண்மனைக்குள் கலைக்கூடம் அமையக் காரணமாக இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு கோயில் கோயிலாகப் போய், அங்கே உள்ள சிற்பங்களைப் பற்றிப் பத்திரிகையில் தொடராக எழுதினார். அதைப் படித்துவிட்டு, தினசரி கும்பிட்டுவந்த கோயில் தூணை நிமிர்ந்து பார்த்தவர்கள் எங்கள் தலைமுறையில் நிறையப் பேர் உண்டு. நானும் அப்படிப் பார்த்தவன்தான்.

ஒரு ஊரில் ரசனை அப்படித்தான் பரவும் என்பது என் எண்ணம். கூடிப் பேசணும், பேசியதை எழுதணும், எழுதியதைப் படித்துவிட்டு நாலு பேர் சண்டைக்கு வரணும், அந்தச் சண்டையை மறுபடியும் உட்கார்ந்து பேசணும். இதில் ஒன்று குறைந்தாலும் பேச்சு நின்றுபோகும். எழுத்து மட்டும் இருந்தால் ஆளுக்கு ஆள் முகம் தெரியாமலே கோபப்பட்டுக்கொண்டிருப்பார்கள். பேச்சு மட்டும் இருந்தால் அன்றைக்கு வராதவனுக்கு ஒன்றும் போய்ச் சேராது.

நீ ஒன்று செய். இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு காலையிலேயே திருச்செந்தூர் பஸ் பிடித்துக் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலுக்குப் போ. நாயக்கர் காலத்துச் சிற்பங்கள். ரதி, மன்மதன், கர்ணன், அர்ச்சுனன், வீரபத்திரர், இளவரசியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற குறவன் என்று ஆளுயரத்துக்கு வரிசையாக நிற்பார்கள். எல்லாவற்றையும் பார்க்கக் கூடாது. ஒன்றே ஒன்றின் முன்னால் உட்காருங்கள். ஆளுக்கு ஒரு நோட்டு. கொஞ்ச நேரம் வரையுங்கள், பேச வேண்டாம். அப்புறம் வரைந்ததை மாற்றிப் பார்த்துக்கொண்டு பேசுங்கள். கையில் நரம்பு புடைத்திருப்பதை ஒருத்தன் பார்த்திருப்பான், விரல் நகத்தை ஒருத்தன் பார்த்திருப்பான், எடை எந்தக் காலில் இறங்குகிறது என்று இன்னொருத்தன் பார்த்திருப்பான். ஊருக்குத் திரும்பி அதை ஒரு பக்கம் எழுதிப் போடுங்கள். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர் வருவார்கள். ஒரே சிலையைப் பற்றி நாலு விதமாகப் பேசிப் பழகினவன், உன் கண்காட்சிக்கு வந்தால் "சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போகமாட்டான்.

பக்கத்தில் இருக்கிறவர்களையும் கூப்பிடணும். படித்த ஓவியர்கள் நாம், படிக்காத ஓவியர்களைக் கூட்டத்தில் சேர்ப்பதில்லை. எனக்கு இதில் ரொம்ப வருத்தம். ஜங்ஷன் பக்கம் கடைப் பலகை எழுதிக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் எழுத்தைப் பற்றி நான் முன்பு ஒரு சின்னக் கட்டுரை எழுதினேன். 'ழ' போடும்போது கீழ்ச்சுழியை அவர் தூரிகையை எடுக்காமலே முடிப்பார். சுண்ணாம்புத்தூள் தடவிய நூலை இழுத்துச் சுவரில் சுண்டிவிட்டுக் கோடு போடுவார், அவ்வளவுதான் அளவுகோல். பிளெக்ஸ் வந்த பிறகு அவருக்குச் சோலி குறைந்து போயிருந்தது. கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு கல்லூரிப் பையன் அவரைத் தேடிப் போனான். அப்புறம் இன்னும் சிலர் போனார்கள். அவர்களுக்கு எழுத்து போடச் சொல்லிக்கொடுத்தார். அதில் ஒருத்தன் இப்போது கல்யாண வீடுகளுக்குக் கையால் பலகை எழுதிக் கொடுக்கிறான். பெரியவரையும் அழைத்துப்போய்த் திருத்தச் சொல்கிறான்.

கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976) பெயரைக் கேட்டால் உன் வயசுக்காரர்கள் முழிக்கிறார்கள். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுத வந்த இடத்தில் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவரும் அவர் சீடர்களும் எழுதிய முருகனும் மீனாட்சியும் லட்சுமியும் சிவகாசியில் காலண்டராக அச்சாகித் தமிழ்நாட்டு வீடுகளுக்கெல்லாம் போனார்கள். நம் பாட்டிமார் சாமி என்றால் கண்ணை மூடி நினைத்துக்கொண்ட முகம் பல வீடுகளில் அவர் கை வரைந்த முகம்தான். கோவில்பட்டி அப்போது நம்ம ஜில்லா. காலண்டருக்குக் கீழே ஜவுளிக்கடை பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், ஓவியர் கையெழுத்து மூலையில் பொடியாக இருக்கும். அந்தக் காலத்திலேயே நம்ம ஊரில் நாலு பேர் அதைப் பற்றி எழுதியிருந்தால், காலண்டர் ஓவியம் கலையா இல்லையா என்ற சண்டையை நாம் அப்போதே போட்டு முடித்திருக்கலாம். இப்போதாவது போடுங்கள். பழைய காலண்டர் வைத்திருக்கிற வீடுகள் டவுனில் இன்னும் இருக்கின்றன. உங்கள் முதல் கூட்டத்துக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம்.

பத்தமடையில் பாய் நெய்கிறவள் நான். எழுத வருகிறவர்கள் எல்லோரும் எலிசபெத் ராணிக்குப் பாய் போன கதையைக் கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். எங்களைப் பற்றி ஒன்றும் வரமாட்டேன் என்கிறது.

தங்கச்சி, நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். 1953-ல் முடிசூட்டுக்குப் பாய் போனது பெருமைதான். ஒரே கதையைத் திரும்பத் திரும்ப எழுதினால் வாங்குகிறவர்களும் அதை மட்டுமே பேசுவார்கள். கோரையைக் கீறிக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மறுபடியும் காயவைத்துச் சாயம் ஏற்றுகிற பாடு அவர்களுக்குத் தெரியாமலே போகிறது. அதனால்தான் நைஸ் பாய்க்கும் சாதாப் பாய்க்கும் ஏன் இவ்வளவு விலை வித்தியாசம் என்று வாசலில் நின்று பேரம் பேசுகிறார்கள். புவிசார் குறியீடு வாங்கியாகிவிட்டது. நெய்கிறவர் பெயர் பாயில் எங்கே இருக்கிறது?

அடுத்த தரம் யாராவது வந்தால், ராணி கதையைக் கடைசியில் சொல்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். முதலில் தறிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு கோரையைக் கீறச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு நைஸ் பாய் முடிய எத்தனை நாள் ஆகும், கைக்கு என்ன நிற்கும் என்று நீங்களே சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பாயின் ஓரத்தில் உங்கள் பெயரைச் சின்னதாகத் துணியில் தைத்துக் கொடுங்கள். வாங்குகிறவர்கள் அதைப் பிய்த்துப் போடமாட்டார்கள்.

எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் பழைய சுவர்ச் சித்திரம் மங்கிப்போயிருந்தது. திருப்பணியில் புதிதாக பெயின்ட் அடித்தோம். ஊர்ப் பையன் ஒருத்தன் அதைப் படத்தோடு எழுதிப் போட்டு எங்களை அறிவில்லாதவர்கள் என்று ஏசிவிட்டான். ஊருக்கு நல்லது செய்யப்போய் இந்தப் பேச்சு வேண்டுமா?
(கமிட்டி உறுப்பினர், அம்பாசமுத்திரம் வட்டாரம்)

ஐயா, ஏசியது தப்பு. கையிலிருந்து பணம் போட்டு, வெயிலில் நின்று திருப்பணி பார்த்தவர்களை அப்படிப் பேசக் கூடாது. அவன் முதலில் உங்கள் வீட்டுப் படியேறி வந்து சொல்லியிருக்க வேண்டும். எழுதுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது: கோயில் கமிட்டிக்காரரும் உங்கள் வாசகர்தான், அவர் மறுநாளும் உங்களோடு அதே டீக்கடையில் உட்காரப் போகிறவர்.

ஆனால் அவன் சொன்ன விஷயத்தை ஏச்சோடு சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே திருப்புடைமருதூர் இருக்கிறது. நாறும்பூநாதர் கோயில் ராஜகோபுரத்துக்குள் ஐந்து நிலையிலும் நாயக்கர் காலத்து ஓவியமும் மரச்சிற்பமும் இருக்கின்றன. போர்க்களம், குதிரைகளை ஏற்றிவருகிற கப்பல், புராணக் கதைகள் என்று பார்த்துக்கொண்டே போகலாம். எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்தச் சுவரில் யாராவது நல்லெண்ணத்தோடு புது பெயின்ட் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பழைய சுவர் சுண்ணாம்புச் சுவர். அது ஈரத்தை இழுக்கும், விடும். அதன்மேல் எனாமல் அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, நாளாவட்டத்தில் பெயின்டோடு காரையும் சேர்ந்து உரிந்து விழும். அடியில் இருக்கிற சித்திரமும் அதோடு போய்விடும். இப்போது அடித்ததைச் சுரண்டவும் வேண்டாம், அது இன்னும் கேடு. மிச்சச் சுவரில் கை வைக்காமல் நிறுத்துங்கள். பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்கள். பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் விவரம் சொல்லி, யாரைப் பார்க்கணும் என்று கேளுங்கள்.

அந்தப் பையனையும் கூப்பிடுங்கள். திருப்பணிக் கமிட்டியில் எழுத்து வேலைக்கு அவனைப் போடுங்கள். பழைய சித்திரத்தை அவன் முன்பு படம் எடுத்து வைத்திருந்தால், அடுத்த தலைமுறைக்கு அது ஒன்றுதான் மிச்சம். அவன் எழுதியதால்தான் மண்டபத்தில் சித்திரம் இருந்த விஷயமே உங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும், இல்லையா?

எழுதினால் இலக்கணத் தமிழில் எழுதணுமா, நம்ம திருநெல்வேலித் தமிழில் எழுதலாமா?
(வீரவநல்லூர்)

உங்களுக்குக் கை எப்படி ஓடுகிறதோ அப்படி. ஆனால் கலைஞர் பேசியதை மட்டும் அவர் பேசியபடியே போடுங்கள். உங்க ஊர் செடிபுட்டாச் சேலை நெய்கிறவர் தறியில் ஒரு பாகத்துக்கு ஒரு பெயர் சொன்னால் அதே பெயர்தான். அதைத் திருத்தி அழகாக்க வேண்டாம்.

நாற்பது வருசத்துக்கு மேலாக மும்பையில் இருக்கிறேன். ஊர்க் கொடைக்கு வரி அனுப்புவது தவிர இங்கிருந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்?
(தாராவி)

அண்ணாச்சி, ஊரில் இருக்கிறவர்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கும். ஊரில் கொடை நோட்டீஸ் மறுநாளே பொட்டலம் மடிக்கப் போய்விடும். பிழைக்கப் போன இடத்தில்தான் அதைப் பெட்டிக்கு அடியில் பத்திரமாக வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் அதில் குழுப் பெயர், ஊர், தேதி எல்லாம் கிடைக்கும். எந்தப் புலவர் எந்த வருசம் எந்த ஊரில் பாடினார் என்று நம்மிடம் ஒரு பட்டியலே கிடையாது, பெட்டிக்குள் இருக்கிற தாள்களைச் சேர்த்தால்தான் அது உருவாகும்.

ஊர் ஞாபகத்துக்காகக் கொண்டுபோன வில்லுப்பாட்டு கேசட்டுகளும் இருக்கலாம். பழைய டேப்ரெக்கார்டரில் சட்டென்று போட்டுவிடாதீர்கள், நாடா சிக்கி அறுந்துவிடும். பதிவை மாற்றத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லுங்கள். கேசட் அட்டையின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பக்கவாத்தியக்காரர் பெயர் சில அட்டைகளில் இருக்கும். உங்கள் வயசுக்காரர்கள் அங்கே இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களிடமும் கேட்டு, யார் குடம் அடித்தார், யார் உடுக்கு வாசித்தார் என்று ஞாபகம் இருக்கிற பெயரையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள்.

அடுத்த கொடைக்கு வரும்போது நோட்டீஸ்களை மடிக்காமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கொண்டுவாருங்கள். இந்தப் பத்திரிகை முகவரிக்கு முன்கூட்டி ஒரு கார்டு போட்டால் நானே உங்கள் ஊருக்கு வந்து பார்க்கிறேன். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை அன்றைக்கே உங்கள் கையில் திருப்பித் தந்துவிடுவேன்.